எடுத்துடவா மாப்ள?

ஹால் டிவியில் நன்றாகத் தெரிகிற ஒன்றைச் சிரமப்பட்டு லேப்டாப்புக்குக் கொண்டுபோய்ப் பார்க்க வேண்டும் என்று ஒருவனுக்குத் தோன்றினால், அவனுக்கு வேறு வேலை இல்லை என்று அர்த்தம். எனக்கு அரியலூரில் வேலை இருந்தது. பெரம்பலூரிலிருந்து தினமும் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய் வந்தேன். இருந்தும் தோன்றியது.

மாமியார் வீட்டில் எனக்குக் கம்ப்யூட்டர் தெரிந்த மாப்பிள்ளை என்று பெயர். (யாரோ ஒருவருடைய பிரிண்டரில் சிக்கிய பேப்பரை ஒருமுறை உருவிக் கொடுத்தேன். அவ்வளவுதான் என் படிப்பு.) அந்தப் பெயரைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் இத்தனையும் செய்தேன்.

என் மாமியார், நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன், செட்டிகுளத்தில் சின்ன வெங்காயம் போடுகிறவர். வெங்காயத்தை மாதக்கணக்கில் அழுகாமல் வைத்திருக்க அங்கே பட்டறை போடுவார்கள். அடியில் கல் அடுக்கி, காற்று போக வழி விட்டு, சுற்றிலும் தட்டி கட்டி, மேலே கூரை போட்டு வைப்பது. அத்தை போட்ட பட்டறையில் அழுகல் வாடையே வராது என்று ஊரில் பேச்சு. அதைக் கேள்விப்பட்டு உள்ளூர் கேபிள் சேனல்காரர்கள் வந்து, அவரைப் பேசச் சொல்லிப் படம்பிடித்துப் போனார்கள்.

ஒளிபரப்பான அன்று செட்டிகுளத்தில் கரண்ட் இல்லை. அத்தை பார்க்கவில்லை. என் மனைவி தேவி, "அம்மா வந்ததும் சேந்தே பாத்துக்கறேன்" என்று வேலைக்குப் போய்விட்டாள். டிவியோடு இணைத்திருக்கும் எங்கள் வீட்டு செட்டாப் பெட்டி மட்டும் அந்த நான்கு நிமிடத்தையும் பதிவு செய்து வைத்திருந்தது.

அத்தை போனில் கேட்டார். "மாப்ள, பாத்தீங்களா? எப்புடிப் பேசுனேன்? கேமராவப் பாத்ததும் எனக்கு ஒண்ணுமே நெனப்பில்ல. என்ன சொன்னேன்னே தெரியல."

"ஞாயித்துக்கெழம எல்லாரையும் கூட்டிட்டு வாங்கத்தே. புதுசா ஒண்ணு செஞ்சு காட்டுறேன்" என்றேன். சொன்னபடியே செய்தும் காட்டினேன்.

எங்கள் ஹால், நாலு பேர் உட்கார்ந்தால் ஐந்தாமவர் சமையலறையிலிருந்து எட்டிப் பார்க்க வேண்டிய அளவு. அதனால் மொட்டை மாடியில் துணிப் பந்தல் கட்டி, வாடகை நாற்காலி போட்டு, நடுவில் என் புது லேப்டாப்பை வைத்தேன். கீழே பெட்டியில் இருக்கும் பதிவு, வீட்டு வைஃபை வழியாக மேலே லேப்டாப்பில் ஓடும். மூன்று நாள் ஒத்திகை பார்த்திருந்தேன். ஒரே ஒரு சங்கடம், ஒவ்வொரு முறையும் பெட்டிப் பக்கம் ஒருவர் உட்கார்ந்து, ரிமோட்டில் அனுப்பச் சொல்லி ஒரு பட்டனை அமுக்க வேண்டும். ஒத்திகையில் அதை நானே ஓடி ஓடி அமுக்கினேன். விழா அன்று நான் மேலே இருந்தாக வேண்டுமே! கீழே மாமனாரை உட்கார வைத்தேன்.

பெட்டியின் மெனுவைத் தமிழுக்கு மாற்றி வைத்திருந்ததும் நான்தான். (தமிழ்ப் பற்று. யாரும் கேட்கவில்லை.)

செட்டிகுளத்திலிருந்து பத்துப் பேர் வந்திருந்தார்கள். அத்தை படப்பிடிப்பு அன்று கட்டிய அதே அரக்குச் சேலையில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். மாடிப்படியில் நின்று கீழே கத்தினேன்.

"மாமா! அத்த பேசுனது லிஸ்ட்டுல இருக்கா?"

"இருக்கு மாப்ள!"

"அது மேல வச்சு மஞ்ச பட்டன அமுக்குங்க!"

பிறகு மாமா கேட்டார். "எடுத்துடவான்னு கேக்குது மாப்ள!"

"எடுத்துடுங்க மாமா!"

"நல்லா ரோசன பண்ணிச் சொல்லுங்க. உறுதியாவான்னு இன்னொருக்கா கேக்குது."

"அது அப்புடித்தான் கேக்கும். எடுத்துடுங்க!"

அமுக்க வேண்டியது மஞ்சள் இல்லை, நீலம். மஞ்சள் அழிப்பதற்கு. பெட்டி 'இப்பதிவை அகற்றவா?' என்று கேட்டிருக்கிறது. எந்த வீட்டில் அகற்று என்று பேசுகிறார்கள்? மாமா அதை நம் ஊர்ப் பேச்சுக்கு மாற்றி, எடுத்துடவா என்று கேட்டார். எடுத்துக் கொடுக்கட்டுமா என்று கேட்கிறார் போல என்று நான் நினைத்தேன்.

லேப்டாப்பில், 'பதிவு ஏதும் இல்லை' என்று வந்தது. "நெட்டு கொஞ்சம் ஸ்லோங்கத்தே" என்று அரை மணி நேரம் பொய் சொன்னேன். அதற்குள் மாமா ரிமோட்டும் கையுமாக மேலே வந்துவிட்டார். அவர் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு.

"சொன்ன மாதிரியே எடுத்துட்டேன் மாப்ள. சுத்தமா எடுத்துருச்சு. லிஸ்ட்டுலயே இல்ல, பாருங்க."

தேவி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை விவரிக்க மாட்டேன். அத்தைதான் முதலில் எழுந்தார். "போவுது வுடுங்க மாப்ள. எல்லாரும் சாப்புடுவோம்" என்றார். சாம்பார் நன்றாக இருக்கிறது என்று இரண்டு முறை சொன்னார்.

மறுநாள் சேனல் ஆபீசுக்கு ஓடினேன். அத்தை பேச்சை அழித்து, அதன் மேலேயே ஒரு தேர்த் திருவிழாவைப் பிடித்துவிட்டார்களாம்.

அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் யாரும் எடு என்று நிம்மதியாகச் சொன்னதில்லை. "இலையை எடுத்துடவா?" என்று கேட்டால், "எந்த எடு? மாப்ள எடுவா?" என்று நாலு பேர் சிரிப்பார்கள். இதைத் தாங்கிக்கொள்ளலாம். இன்னொரு தண்டனை இருக்கிறது. அந்த நான்கு நிமிடத்தைக் குடும்பத்தில் பார்த்த ஒரே ஆள் என்பதால், ஒவ்வொரு பொங்கலுக்கும் நான் எழுந்து நின்று அத்தை பேசியதைப் பேசிக் காட்ட வேண்டும்.

இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றை இங்கே சொல்லிவிடுகிறேன். நானும் அதைப் பார்க்கவில்லை. மூன்று நாள் ஒத்திகையிலும் படம் நிற்கிறதா, சுற்றுகிறதா, சத்தம் ஒத்து வருகிறதா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன். "வணக்கமுங்க, எனக்கு ஊரு செட்டிகுளம்" என்பது மட்டும்தான் காதில் நிற்கிறது. ஒரு மனுஷி தன் வாழ்நாளில் ஒரே ஒருமுறை டிவியில் பேசினார். நான் சிக்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருக்கிறது. மிச்சமெல்லாம் என் கைச்சரக்கு.

போன பொங்கலுக்கு அத்தை கேட்டார். "கடைசியா நான் என்ன சொல்லி முடிச்சேன் மாப்ள?"

"'வெங்காயத்தப் பூட்டி வைக்கக் கூடாதுங்க, அது மூச்சு வுடணும்'னு சொல்லிச் சிரிச்சீங்கத்தே."

அத்தை என் பக்கம் திரும்பினார். "போன வருசம் வேற என்னமோ சொன்னீங்களே."

நான் மாமாவைப் பார்த்தேன். மாமா கரும்பைப் பார்த்தார்.

"பரவால்ல, இதுதான் நல்லாருக்கு" என்றார் அத்தை. "இத எடுத்துடாதீங்க மாப்ள."