நல்ல எஞ்சினைத் தள்ளிக்கொண்டு போனவர்

ஓடாத வண்டியைத் தள்ளுகிறவர்களை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். சாவியைத் திருப்பினால் ஒரே உறுமலில் கிளம்பிவிடுகிற வண்டியை, ஊரிலேயே சுத்தமான எஞ்சின் உள்ள வண்டியை, தினமும் விடிகாலையில் தெருமுனை வரை கையால் தள்ளிக்கொண்டு போன மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான் இருந்தார். அவர் திருப்பூர் நல்லூரில் குடியிருந்தார். ஊர் அவருக்குத் தள்ளுவண்டி என்று பெயர் வைத்துவிட்டது. பெற்றவர்கள் வைத்த பெயர் ரேஷன் கார்டில் இருந்திருக்கும். நான் பார்த்ததில்லை.

எழுபதுகளின் தொடக்கம் அது. நான் ஒரு பனியன் கம்பெனியில் சரக்கு அனுப்பும் குமாஸ்தா. மெஷினில் பின்னிய துணி எங்களிடமிருந்து சலவைப் பட்டறைக்குப் போகும், அங்கிருந்து வெள்ளை வெளேரென்று தையலுக்குத் திரும்பி வரும். இந்தப் போக்குவரத்து மொத்தமும் தள்ளுவண்டியின் பிக்கப்பில்தான். பட்டாளத்தில் கழித்துக்கட்டியதை அவர் ஏலத்தில் எடுத்திருந்தார். முன்னால் இரண்டு பேர் உட்காரலாம், பின்னால் திறந்த தொட்டி. பெட்ரோல் எஞ்சின்.

அந்தப் பெட்ரோல்தான் பிரச்சினை. அந்த வருடங்களில் திருப்பூரில் வண்டி வைத்திருந்த இரண்டு பேர் சந்தித்தால் பிள்ளைகுட்டி நலம் விசாரிக்க மாட்டார்கள். "நீங்க இன்னும் பெட்ரோலுங்களா, டீசலுக்கு மாறீட்டீங்களா?" என்பதுதான் முதல் கேள்வி. டீசல் என்றால் செலவு பாதி, எவ்வளவு பாரம் ஏற்றினாலும் முனகாது, வருடக்கணக்கில் உழைக்கும். குறை என்று பார்த்தால் கனம் அதிகம், சத்தம் அதிகம், குளிர் நாளில் எழுப்பினால் கரும்புகையைக் கக்கிக்கொண்டுதான் எழும். எல்லோரும் கூட்டிக் கழித்துப் பார்த்து, பழைய எஞ்சினைக் கழற்றி எறிந்துவிட்டு டீசலைப் பூட்டிக்கொண்டிருந்தார்கள். தள்ளுவண்டி மட்டும் அசையவில்லை.

ஏன் என்று கேட்டால் காரணம் சொல்லுவார். சொல்லாமல் இருந்தால்கூடத் தேவலை. ஆளுக்கு ஒரு காரணம் சொல்லுவார்.

மெக்கானிக்கிடம் சொன்னது இது: "டீசலுக்கு மரியாத தெரியாதுங்க. நாம ஒருத்தருகிட்டப் பேசீட்டிருக்கறப்பக் குறுக்கால பேசும்." இதை அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. தன் வண்டியிடமே "போலாமுங்களா?" என்று கேட்டுவிட்டு கியரைப் போடுகிறவர் அவர். சலவைப் பட்டறையில் சொன்னது வேறு. டீசல் சத்தத்துக்குக் காங்கேயம் காளைகள் மிரளுமாம். எங்கள் முதலாளி பாயிடம் சொன்னது இன்னொன்று. டீசல் புகையில் வெள்ளைத் துணி கறுத்துப்போகுமாம்.

பாய் மெல்லப் பேசுகிறவர். "ஏனுங்க, நாம பனியன சைலன்சர்லயா காயப்போடறோம்?" என்று கேட்டார்.

தள்ளுவண்டி விடவில்லை. மறுநாளே இரண்டு பனியன்களோடு வந்தார். ஒன்று தன் வண்டியின் பின்னால் நாள் முழுக்கத் தொங்கியதாம், மற்றது ஒரு டீசல் வண்டியின் பின்னால் தொங்கியதாம். முதலாவது மல்லிகைப் பூ. இரண்டாவது அடுப்புத் துணி. பாய் அந்த இரண்டாவதைக் கையில் எடுத்து, முன்னும் பின்னும் பார்த்து, "இத நீங்க எத்தன நாளாப் போட்டிருந்தீங்க?" என்றார். தள்ளுவண்டி தரையைப் பார்த்தபடி, "ஒரு வாரமுங்க" என்று ஒப்புக்கொண்டார். பொய்யை ஒழுங்காகக் காப்பாற்றத் தெரியாத மனிதர். மெக்கானிக்கும் பாயும் ஒருநாள் டீக்கடையில் சந்தித்து, மரியாதைக் காரணத்தையும் வெள்ளைத் துணிக் காரணத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தபோது கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். அதை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

பெட்ரோல் விலை ஏறியது. மற்ற கம்பெனிகளுக்குச் சரக்கு மலிவாகப் போய் வந்தது. பாய் ஒரு முடிவுக்கு வந்தார். குண்டடத்தில் ஒரு விவசாயி, கவிழ்ந்துபோன வேன் ஒன்றின் டீசல் எஞ்சினை வாங்கி வைக்கோல் போருக்குப் பக்கத்தில் சாக்குப் போட்டு மூடி வைத்திருந்தார். அதைத் தள்ளுவண்டிக்காகப் பாயே பேசி வைத்தார். "பொங்கலுக்குள்ள மாத்தீட்டா நம்ம சரக்கு அவருக்குத்தான். இல்லீன்னா வேற வண்டி பாத்துக்கறோம். கம்பெனியில பத்துப் பேரு முன்னாடி இதச் சொல்ல வேண்டாம், ஊட்டுலயே போய்ச் சொல்லீட்டு வந்துருங்க" என்று என்னை அனுப்பினார்.

விடிந்தும் விடியாத நேரத்தில் நான் சைக்கிளில் நல்லூர் போய்ச் சேர்ந்தேன். அவர் வீடு ஒரு சந்தின் கடைசியில். சந்து தெருமுனையை நோக்கி லேசாகச் சரிந்திருக்கும். சைக்கிளை அவர் சுவரில் சாய்த்துவிட்டுப் பார்த்தால், மனிதர் ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, தோளைக் கதவுச் சட்டத்தில் கொடுத்துத் தள்ளிக்கொண்டிருக்கிறார்.

"பேட்டரி போயிருச்சுங்களாண்ணா?" என்று கேட்டேன்.

"மெதுவாப் பேசுங்க தம்பி. தூங்கறா."

தெருமுனை வந்ததும் ஏறி உட்கார்ந்தார். ஒரே திருப்பு, எஞ்சின் பிடித்துக்கொண்டது. நான் குண்டடம் எஞ்சினைப் பற்றியும் பொங்கல் கெடுவைப் பற்றியும் சொன்னேன். கேட்டுக்கொண்டார். "நாயத்தச் சாயங்காலம் பேசிக்கலாமுங்க" என்று கிளம்பிவிட்டார்.

சைக்கிளை எடுக்கத் திரும்பி வந்தபோது உள்ளேயிருந்து ஒரு குரல். "கம்பெனித் தம்பியா? உள்ள வாங்க கண்ணு."

அவருடைய மனைவி கட்டிலில் சுவரோடு தலையணை வைத்துச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். படுத்தால் மூச்சு வராது, ராத்திரித் தூக்கமும் அப்படி உட்கார்ந்தபடிதான். நான்கு வார்த்தைக்கு ஒருமுறை நிறுத்தி மூச்சு வாங்கிக்கொண்டு பேசினார். "இருவது வருசம் ஜின்னிங் பேக்டரியில பஞ்சுக்குள்ளயே கெடந்தனுங்க கண்ணு. நெஞ்சு பூராத் தூசி. பொகை பட்டுதுன்னா அன்னைக்கு நாள் பூரா இழுப்புத்தான். அதுக்குத்தான் அந்த மனுசன் தள்ளீட்டுப் போறாரு."

கேட்பதற்கு ஏதாவது வேண்டுமே என்று, "சாயங்காலம் வர்றப்ப எப்படீங்கக்கா?" என்றேன்.

"மேடேறிக் கையில தள்ள முடியாதுங்களே. எஞ்சின்லதான் வரோணும். பெட்ரோலுங்காட்டிப் பொகை கம்மி, தாங்கிக்கறேன். முக்குலயே நிறுத்திப் பாத்தாரு. நாலா நாள் ஸ்டெப்னியத் தூக்கீட்டுப் போயிட்டாங்க." சிரிக்கப் பார்த்தார், இருமல் வந்துவிட்டது. அடங்கியதும் சொன்னார்: "நான் தூங்கறேன்னு அவரு நெனச்சுட்டிருக்காரு. தெனமும் முழிச்சுட்டுத்தான் இருப்பேன். அவரு எந்திரிச்சதும் கண்ண மூடிக்குவேன். அத்தன பாடுபட்டுத் தள்ளறாரு, வீணாப் போயிரக்கூடாதில்லீங்க."

நான் கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார். "அந்த டீசலையே போட வெச்சுருங்க கண்ணு. வண்டி நின்னுபோச்சுன்னா அவரு சோத்துக்கு என்ன பண்ணுவாரு? நான் சொன்னேன்னு மட்டும் சொல்லீராதீங்க."

அன்று சாயங்காலம் தள்ளுவண்டியைக் கம்பெனி வாசலில் பிடித்தேன். விஷயத்தைப் பாயிடம் சொல்லிவிடலாமே என்றேன். அவர் முகம் இறுகிவிட்டது. "ஊட்டு நோவக் காட்டிச் சரக்குக் கேக்கறது எனக்கு ஆகாதுங்க தம்பி. சரக்குப் போனாப் போகுது. டீசல் போட மாட்டேன்."

ஆக, அந்த அம்மாள் கேட்டுக்கொண்டபடி நான் டீசலுக்காக வாதாட வேண்டும். இவருக்காகப் பெட்ரோலுக்கு வாதாட வேண்டும். காரணத்தை மட்டும் யாரிடமும் சொல்லக்கூடாது. மூன்று நாள் யோசித்தும் வழி தோன்றவில்லை. நான்காம் நாள் நான் செய்த காரியத்தை இதுவரை என் வீட்டில்கூடச் சொன்னதில்லை. பாய் சோதனைக்காக ஒரு டீசல் வண்டியில் சலவைச் சரக்கை வரவழைத்திருந்தார். குடோனில் அரிக்கேன் விளக்கின் கண்ணாடியைக் கழற்றி, உள்ளே படிந்திருந்த கரியை விரலால் வழித்து, அந்த வெள்ளைத் துணிக் கட்டின் மேல் தாராளமாகத் தடவினேன். பிறகு முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு கட்டைத் தூக்கிப் போய்ப் பாயின் மேஜை மேல் வைத்தேன்.

பாய் கரியைத் தொட்டார். இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "சரிதான், தள்ளுவண்டி சொன்னது நெசந்தான் போல. நம்ம வெள்ளச் சரக்குக்குப் பெட்ரோலே இருக்கட்டும்" என்றார்.

தள்ளுவண்டி அன்றைக்கு டீக்கடையில் அடித்த ஜம்பத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். தன் கண்டுபிடிப்பு நிரூபணமாகிவிட்டதாக அவரே நம்பிவிட்டார். கேட்டவர்களுக்கெல்லாம் பனியனைப் பிடித்துக் காட்டி வகுப்பு எடுத்தார்.

அடுத்த ஆடிக் காற்று வரைக்கும்தான் அந்தச் சந்தோஷம். அந்த வருடம் காற்றோடு வந்த புழுதியை அந்த அம்மாளின் நெஞ்சு தாங்கவில்லை. ஒரு சாயங்காலம் அவர் வண்டியை மேடேற்றி நிறுத்திவிட்டு உள்ளே போனார். மனைவி வழக்கம்போலச் சுவரில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார். தூங்குகிறாள் என்று நினைத்து, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே வந்து, அரை மணி நேரம் சத்தம் போடாமல் வாசலில் உட்கார்ந்திருந்தாராம். அப்புறம்தான் தெரிந்திருக்கிறது. இதை அவரே என்னிடம் சொன்னார். சொல்லும்போதும் அழவில்லை. நான்தான் அழுதேன்.

சுடுகாட்டில் எல்லாம் முடித்துவிட்டுத் திரும்பும் வழியில் பாய் என் பக்கத்தில் நடந்து வந்தார். "டீசல் கரின்னா கையில எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டோணும். நீங்க கொண்டாந்தது வெளக்குக் கரி" என்றார். நான் நின்றுவிட்டேன். "பொய் பேசாத ஆளு இந்தளவுக்குப் போறீங்கன்னா ஏதோ இருக்கோணும்னு உட்டுட்டேன். அந்தம்மா நோவுதான்னு தெரியாமப் போச்சுங்க" என்று சொல்லிவிட்டு, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு தள்ளுவண்டி யாரும் சொல்லாமலே குண்டடம் போனார். அந்த எஞ்சின் விற்காமல் கிடந்தது. வாங்கி வந்து பூட்டினார். அத்தனை நாளும் அவரை டீசலுக்கு மாறச் சொன்ன டீக்கடையில் அன்றைக்கு ஒருவரும் வாய் திறக்கவில்லை.

மறுநாள் விடிகாலையில் எனக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. நல்லூருக்குச் சைக்கிளை மிதித்தேன். சந்துக்குள் நுழைந்தால், அவர் தோளைக் கதவுச் சட்டத்தில் கொடுத்துத் தள்ளிக்கொண்டிருக்கிறார். வண்டி அசையவில்லை. வேட்டி நனைகிற அளவுக்கு வியர்த்திருந்தது. வீட்டுக்குள் காலிக் கட்டில். தலையணை இன்னும் சுவரோடு நிமிர்த்தி வைத்திருந்தது.

"டீசல் கனமுங்க தம்பி" என்றார்.

நான் சைக்கிளை அந்தச் சுவரில் சாய்த்துவிட்டு, பின்னால் போய்க் கை கொடுத்தேன். அன்றைக்கு மட்டுமல்ல, அவர் வண்டி ஓட்டிய காலம் வரைக்கும் கொடுத்தேன். கம்பெனிக்கு ஏன் தாமதம் என்று பாய் ஒருநாளும் கேட்டதில்லை. அந்த அம்மாள் விழித்துக்கொண்டுதான் இருந்தார் என்பதை நான் அவரிடம் கடைசிவரை சொல்லவில்லை.

தெருமுனை போய்ச் சேருகிற வரைக்கும் நாங்கள் இருவரும் மெதுவாகத்தான் பேசிக்கொள்வோம்.