இடது கால் வராத மானிட்டர்

ஷூ கம்பெனியில் வேலை பார்ப்பவனுக்கு உலகத்தில் எல்லாமே ஜோடியாகத்தான் தெரியும். இரண்டு பொருளைச் சேர்த்துப் பார்த்தால் போதும், ஒன்று இடது, இன்னொன்று வலது என்று மனசு தானாகப் பிரித்துவிடும். ஆம்பூரில் ஒரு ஃபேக்டரியின் டிசைன் ரூமில் சேர்ந்த புதிதிலேயே எனக்கு இந்த வியாதி முற்றிப்போயிருந்தது.

இத்தாலியிலிருந்து ஆர்டர் கொடுக்கும் பையர் வருவதாக இருந்தது. "தோலை வெட்டி சாம்பிள் தைக்கவே வேணாம் பாய், ஸ்கிரீன்லயே ஜோடியா காட்டிடலாம்" என்று மேனேஜர் அல்தாப் பாயிடம் அளந்துவிட்டு, புதுக் கம்ப்யூட்டரும் இரண்டு பெரிய மானிட்டரும் வாங்க வைத்தவன் நான்தான். (சேர்ந்து ஒரு சீசன்கூட ஆகவில்லை, பேச்சைப் பாருங்கள்.) ஆர்டர் கிடைத்தால் என் வேலை நிரந்தரம். கிடைக்காவிட்டால், "ஊட்ல போய் ஜோடியா காட்டு" என்று அவர் தெளிவாகச் சொல்லியிருந்தார்.

மானிட்டர்கள் வந்து சேர்ந்ததே பையர் வரும் நாள் காலையில்தான். கம்ப்யூட்டரில், திரைக்குப் படம் அனுப்பும் கிராஃபிக்ஸ் பிராசசர் இரண்டு. ஒன்று மதர்போர்டோடு சேர்ந்து வருவது, மற்றொன்று தனியாகச் செருகிய கார்டு. இரண்டு பிராசசர், இரண்டு மானிட்டர், ஆக காலுக்கு ஒன்று! இதில் யோசிக்க என்ன இருக்கிறது? மதர்போர்டு சாக்கெட்டை பிளாஸ்டிக் மூடி போட்டு அடைத்திருந்தார்கள். புது ஷூவுக்குள் காகிதம் திணிப்பது போல ஏதோ பேக்கிங் என்று நினைத்துப் பிடுங்கி எறிந்தேன். இடது மானிட்டரை அதில் செருகினேன், வலதைக் கார்டில்.

வலது மானிட்டரில் வலது கால் ஷூ பளபளவென்று வந்தது. இடதில் 'நோ சிக்னல்'. மானிட்டர்களை இடம் மாற்றினேன். இவ்வளவு நேரம் நன்றாக இருந்த மானிட்டரும் இடப்பக்கம் போனவுடன் இருண்டது. கேபிளைக் கழற்றி ஊதினேன். (ஏன் ஊதினேன் என்று இன்றுவரை தெரியாது.)

"இன்னாப்பா, லெஃப்ட் எங்க?" என்றார் அல்தாப் பாய்.

"வந்துடும் பாய்."

"ரைட்ட மட்டும் தச்சி வெச்சிட்டு லெஃப்ட் வந்துடும்னு தையல் லைன்ல எவனாவது சொன்னா உடுவோமா? பேஜார் பண்ணிட்டியே!"

அதற்குள் பையர் உள்ளே வந்துவிட்டார். ஷூவைத் திருப்பித் திருப்பிக் காட்டச் சொல்லிப் பார்த்தார். பிறகு இருட்டு மானிட்டரைப் பார்த்தார்.

"லெஃப்ட் கமிங், சார்" என்றேன்.

அவர் சிரித்துக்கொண்டே தன் பையிலிருந்து, போன சீசனுக்கு நாங்களே அனுப்பிய சாம்பிளை எடுத்து மேசைமேல் வைத்தார். ஒற்றை ஷூ, வலது கால். எப்போதும் ஒரு கால்தானே அனுப்புவீர்கள், இப்போது எதற்கு இரண்டு என்று கேட்டார். காலமெல்லாம் ஒற்றைக் கால் சாம்பிளாக அனுப்பிவந்த அல்தாப் பாய், ஏதோ தானே போட்ட திட்டம் போல, "கரெக்ட் சார், கரெக்ட் சார்" என்று தலையாட்டினார். ஹீலைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லிவிட்டு பையர் அப்ரூவ் செய்தார். போன உயிர் எனக்குத் திரும்பி வந்தது. அன்று மதியம் சாப்பிட்ட பிரியாணி போல அதற்குப் பிறகு நான் சாப்பிட்டதே இல்லை.

சாப்பிட்ட தெம்பில் கம்ப்யூட்டர் பெட்டிக்குப் பின்னால் குனிந்து பார்த்தேன். கார்டிலேயே இன்னும் இரண்டு சாக்கெட் காலியாகக் கிடந்தன. கேபிளை அங்கே மாற்றியதும் இடது கால் சமர்த்தாக வந்து நின்றது. கார்டு இருந்தால் மதர்போர்டு சாக்கெட் தூங்கிவிடுமாம். அதற்காகத்தான் அந்த மூடி.

அல்தாப் பாய் இதை ஊர் முழுக்கச் சொன்னார். என் நிக்காஹ்வில் பெண் வீட்டாரிடமும் சொன்னார். மாப்பிள்ளை ஷூவை மச்சினிச்சிகள் ஒளித்துவைப்பது வழக்கம்தான். ஆனால் என் மச்சினிச்சிகள் இடது காலை மட்டும் ஒளித்தார்கள்.

"ரைட் இருக்குல்ல மச்சான்? அது போதும், அப்ரூவ் ஆயிடும்!"

கடைசிவரை தரவில்லை. எங்கள் ஹாலில் மாட்டியிருக்கும் கல்யாண போட்டோவில் ஷெர்வானி, மாலை, வலது காலில் ஷூ எல்லாம் சரியாக இருக்கும். இடது காலில் வெறும் சாக்ஸ்.