லாரி மீன்

இன்றைக்கும் கூடை காலி. ஆல்டன் டுப்ரே படகில் உட்கார்ந்தபடி தன் குளத்தை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டிருந்தார்.

குளம் அவருடையது அல்ல, அரசாங்கக் காட்டில் இருப்பது. ஆனால் படகைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு இந்த மலை ஏறி வர வேறு யாருக்கும் பைத்தியம் பிடிக்கவில்லை. அதனால் முப்பது வருடமாக ஆந்தைக் குளத்தை அவர் தன் குளம் என்றே சொல்லிவந்தார். அதிலிருக்கும் ஓடை ட்ரவுட் மீன்களும் அவருடையவைதான். மனிதன் கை படாத காட்டு மீன்கள், அங்கேயே பிறந்து அங்கேயே வளர்ந்தவை என்பது அவர் கட்சி.

கீழே சாலையோர ஏரியில் இருப்பது வேறு ரகம். பண்ணைத் தொட்டியில் தீனி போட்டு வளர்த்து, மே மாதம் வந்தால் லாரியில் ஏற்றி வந்து குழாய் வழியாக ஏரிக்குள் கொட்டுவார்கள். அந்த லாரியை மோப்பம் பிடித்துப் பின்னாலேயே ஓடுகிற கூட்டம் ஒன்று ஊரில் உண்டு. அதற்குத் தலைவன் டுவெய்ன், ஆல்டனின் மனைவி நோரீனின் தம்பி. அவனை ஆல்டன் பெயர் சொல்லிக் கூப்பிட்டு வருடக்கணக்காகிறது. 'லாரி வால்' என்றுதான் சொல்வார்.

வீட்டுக்கு வந்து பூட்ஸைக் கழற்றுவதற்குள் லாரி வாலிடமிருந்து போன்.

"என்ன மச்சான், ஞாயித்துக்கிழமை நம்ம வருஷ விருந்துக்கு மீன் உண்டா?"

"எந்த வருஷம்டா இல்லாம போச்சு?"

"அக்கா சொன்னா, மூணு வாரமா வெறுங்கையோட வர்றியாமே. பேசாம நான் கொண்டாறேன். எங்க ஏரிக்கு நேத்துதான் லாரி வந்துது. ஐஸ்பெட்டி நெறைய இருக்கு."

"உன் தொட்டி மீனு என் வீட்டு வாசப்படி ஏறாது."

"ஏறும் மச்சான். நீயே ரெண்டு துண்டு தின்னுட்டு நல்லாருக்குன்னு சொல்லுவ. நான் போட்டோ எடுப்பேன்."

"டேய், யார்கிட்ட பேசறேன்னு தெரியுதா? என் குளத்து மேல சத்தம் போட்டுக்கிட்டுத் திரிஞ்ச பிளேனையே ஒரே போன்ல ஓட ஓட விரட்டினவன்டா நான்."

"இதை ஆயிரம் தடவை சொல்லிட்ட. மீன் இருக்கா இல்லையா, அதைச் சொல்லு. இல்லேன்னா இன்னைக்கு லாரி பக்கத்தூர் ஏரிக்குப் போகுது, நீயும் போய் வரிசையில நில்லு."

ஆல்டன் போனை வைத்த வேகத்தில் சுவரிலிருந்த நாட்காட்டி விழுந்தது. கோபத்தில் காது சிவந்துவிட்டது. ஆனால் காதில் கடைசியாக விழுந்தது மட்டும் மனதில் தங்கிவிட்டது. பக்கத்தூர் ஏரி. அங்கே அவரை யாருக்கும் தெரியாது.

ஆனால் லாரிக்குப் பின்னால் ஓடுகிற உள்ளூர்க் கூட்டம் அங்கேயும் வந்தால் வண்டியை அடையாளம் தெரிந்துவிடுமே. ஏரிக்கரையில் நிறுத்தாமல், பழைய ஜல்லிக் குழி ஒன்றின் பின்னால் கொண்டுபோய் ஒளித்தார். பனி உருகிய சேறு. வண்டி அச்சு வரைக்கும் இறங்கியது. முடுக்கினார், இன்னும் இறங்கியது. இறங்கி எட்டி உதைத்தார், கால் கட்டைவிரல் வீங்கியது.

அந்த நேரம் பார்த்து, மீன்களைக் கொட்டிவிட்டுத் திரும்பிய லாரி நின்றது. ஓட்டி வந்த பெண் டெல்லா, பண்ணைச் சீருடையில் இருந்தாள்.

"மீன் பிடிக்க வந்தீங்களா சார்?"

"இல்ல."

"கையில தூண்டில் இருக்கே?"

"காத்து வாங்க வந்தேன். கயிறு இருந்தா இழு, இல்லேன்னா உன் வழியப் பாரு."

அவள் சிரித்துக்கொண்டே கயிறு கட்டி இழுத்தாள். ஆல்டன் மீன் அள்ளும் தன் கைவலையை லாரியின் படியில் வைத்துவிட்டு, வண்டியைப் பின்னாலிருந்து தள்ளினார். வண்டி வெளியே வந்தது. லாரி போயிற்று. அதன் படியிலேயே வலையும் போயிற்று. கைப்பிடியில் அவர் பெயரையும் ஊரையும் அவரே சூடு வைத்து எழுதியிருந்தார்.

வலை தேவைப்படவில்லை. தூண்டில் தண்ணீரைத் தொட்டதும், தீனி வந்துவிட்டது என்று எல்லா மீனும் முண்டியடித்துக்கொண்டு வந்தன. மானம் கெட்ட மீன்கள். ஐந்தைப் பிடித்தார், ஐந்தையும் பிடிக்கும்போதே திட்டினார்.

வீட்டில்தான் கவனித்தார். பண்ணை அடையாளத்துக்காக எல்லா மீனிலும் வால் பக்கத்துச் சின்னத் துடுப்பை நறுக்கியிருந்தார்கள். டுவெய்னுக்கு அது ஒரு பார்வையில் தெரியும். அதை மறைக்க மற்ற துடுப்புகளையும் வெட்டினார். துடுப்பில்லாத மீன் விகாரமாக இருந்ததால் தலையையும் வெட்டினார், பிறகு வாலையும்.

"என்ன ஆல்டன் இது? மீனா, சாக்குக்கட்டியா?" என்றாள் நோரீன்.

"இப்படித்தான் சமைக்கணும். டாக்டர் சொன்னார்."

"எந்த டாக்டரு மீனுக்கு வாலை எடுக்கச் சொன்னாரு? அது சரி, உள்ள ஏன் வெளுத்துக் கெடக்கு? உன் குளத்து மீனு ஆரஞ்சா இல்ல இருக்கும்?"

"குளிர் ஜாஸ்தி இந்த வருஷம். போ, நானே வறுக்கிறேன்."

நிறம் வரவேண்டும் என்று சிவப்புப் பொடி டப்பாவைச் சோள மாவில் கவிழ்த்தார். அது காரமில்லாத பொடி என்று நினைத்திருந்தார். அப்படி இல்லை.

ஞாயிறு மதியம் டுவெய்ன் வெறுங்கையோடு வந்தான், முகத்தில் மட்டும் மூட்டை மூட்டையாகச் சிரிப்பு. முதல் வாயிலேயே அது காணாமல் போயிற்று. மூக்கும் கண்ணும் ஒழுக, குடத்துத் தண்ணீரை அப்படியே குடித்தான்.

அப்போது வாசலில் மணி அடித்தது. கைவலையோடு டெல்லா நின்றாள்.

"இதை என் லாரியில மறந்துட்டீங்க சார். ஊர்ல கேட்டேன், வீடு காட்டினாங்க."

"லாரியிலயா?" என்றான் டுவெய்ன், இருமலுக்கு நடுவில்.

"வண்டி சேத்துல மாட்டிக்கிச்சு, இழுத்துவிட்டா. அவ்வளவுதான். வாயை மூடிட்டுச் சாப்பிடு" என்று ஆல்டன் சீறினார்.

"உதவி செஞ்ச பொண்ண வாசல்லயே நிக்க வைப்பியா? உக்காரும்மா, ரெண்டு வாய் சாப்பிடு" என்று நோரீன் தட்டு வைத்துவிட்டாள்.

ஆல்டன் டெல்லாவைப் பார்த்த பார்வையில் பாதி மிரட்டல், பாதி கெஞ்சல். அவள் நல்ல பெண், புரிந்துகொண்டாள். ஏரியைப் பற்றி மூச்சு விடவில்லை. பேச்சை மாற்றுவதற்காக, "இது எங்க பிடிச்சது சார்?" என்று அவளே எடுத்துக்கொடுத்தாள்.

ஆல்டனுக்கு உயிர் வந்தது. "என் குளத்துல. மலை மேல, ஆந்தைக் குளம். காட்டு மீன்மா. இந்த மாதிரி லாரி வாலுக்கெல்லாம் அதோட அருமை தெரியாது."

டெல்லா முள்கரண்டியைக் கீழே வைத்தாள். "ஆந்தைக் குளத்துலயா? அங்க இன்னுமா மீன் இருக்கு?"

"ஏன் இருக்காது?" ஆல்டனின் காது மறுபடி சிவந்தது. "உங்க தொட்டியிலதான் மீன் பொறக்குமா?"

"கோவப்படாதீங்க சார். அந்தக் குளத்துக்கு அடியில வெறும் சேறு, அங்க மீன் முட்டை பொரியாது. அத்தனையும் எங்க பண்ணைக் குஞ்சுதான். ரோடு கெடையாதே, அதனால வருஷா வருஷம் சின்ன பிளேன்ல கொண்டுபோய் மேலருந்தே கொட்டிக்கிட்டிருந்தோம்."

நோரீன் மெதுவாகத் திரும்பிக் கணவரைப் பார்த்தாள். டுவெய்னுக்கு இருமல் நின்றுவிட்டது. நாற்காலியை மேசைக்கு அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டு, தேன் ஒழுகக் கேட்டான்: "அப்புறம் ஏம்மா நிறுத்திட்டீங்க?"

"நாங்க எங்கண்ணே நிறுத்தினோம்? மூணு வருஷம் முன்னாடி யாரோ ஒரு பெரியவரு ஏர்போர்ட்டுக்குப் போன் போட்டு, இன்னொரு வாட்டி அந்தக் குளத்து மேல பறந்தா சுட்டுத் தள்ளிடுவேன்னு கத்தினாராம், அதுலருந்து பைலட் அந்தப் பக்கமே வரமாட்டேங்கறாரு."