முப்பத்தேழாவது ஆள்

போலீஸ் வேலையில் நான் கைது செய்தவர்கள் எல்லாருடைய பெயரும் எனக்கு நினைவில்லை. என்னைக் கைது செய்தவரின் பெயர் மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. என்னோடு ஒரே ஸ்டேஷனில் டீ குடித்தவர்.

அப்போது நான் காரைக்காலில் க்ரைம் பிரிவுக்குப் புதிதாக வந்த எஸ்.ஐ. மஃப்டியில்தான் வேலை. சீருடை இல்லாமல் திரிவதே பாதித் துப்பறிதல் என்று நம்பிக்கொண்டிருந்தேன் (மீதிப் பாதி என்னவென்று யாரும் சொல்லித்தரவில்லை).

காரைக்கால்மேட்டு மீன்காரப் பெண்கள் பஸ் மறியல் செய்யப்போவதாகத் தகவல் வந்தது. காலையில் அந்தப் பக்கம் வரும் ஒரே தனியார் பஸ், மீன்கூடையோடு நிற்பவர்களை ஏற்றாமல் போய்க்கொண்டிருந்தது. டவுனில் கோவில்பத்துக்காரர்கள் ஆபீசுக்குக் கிளம்புவதற்குள் கூடை அவர்கள் தெருவுக்குள் போனால்தான் வியாபாரம். நடந்து போய்ச் சேர்ந்தால் வீடெல்லாம் பூட்டியிருக்கும், மீனும் கெட்டிருக்கும். அவர்களுக்கு அது அன்றாடச் சோறு. எனக்கோ வெறும் டியூட்டி. கல்லெறிய யாராவது திட்டம் போட்டிருக்கிறார்களா என்று கூட்டத்துக்குள் இருந்து பார்க்கச் சொல்லியிருந்தார் இன்ஸ்பெக்டர்.

இரண்டு நாள் முன்பே போய் பஸ் ஸ்டாப்பில் நின்று, வருவது போவது எல்லாவற்றையும் நோட்டில் குறித்தேன். ஸ்டேஷனில் எல்லாரையும் கூட்டி வைத்து ஒரு சொற்பொழிவும் ஆற்றினேன்.

"மறியல்ல என்னைப் பாத்தா தெரிஞ்ச மாதிரியே காட்டிக்கக் கூடாது. சல்யூட் கூடாது, சிரிப்பு கூடாது. நானே வந்து கெஞ்சினாலும் கண்டுக்காதீங்க."

ஏட்டு ஜமால் அண்ணன் மட்டும் சந்தேகம் கேட்டார். "கெஞ்சினாலுமா சார்?"

"கெஞ்சினாலும்தான்" என்றேன் (இந்த நாக்கை என்ன செய்வது).

மறியல் அன்று லுங்கியும் கலர் பனியனுமாகப் போய்க் கூட்டத்தில் கலந்தேன். கலந்தேன் என்பது என் சொந்த அபிப்பிராயம். பஸ்ஸுக்கு நேர் எதிரே கூடையோடு உட்கார்ந்திருந்த அஞ்சம்மாள் அக்காதான் அந்தப் பெண்களுக்குத் தலைவி. என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"லுங்கிக்கு யாரு தம்பி இஸ்திரி போட்டுக் குடுத்தது?"

"வீட்லதான் அக்கா."

"போலீஸ்காரங்க வீடாத்தான் இருக்கும். சரி, சும்மா நிக்காத. இந்த பேனரோட ஒரு முனையப் புடி. எங்களுக்கு ஆள் பத்தல."

மறுத்தால் வேஷம் கலைந்துவிடுமே என்று பிடித்துக்கொண்டேன்.

இதற்கிடையில் எனக்குத் தெரியாத ஒரு காரியம் நடந்திருந்தது. என்னை அனுப்பிய இன்ஸ்பெக்டர் முந்தின நாள் சாயங்காலமே மாற்றலாகிப் போய்விட்டார். மாஹேயிலிருந்து வந்து அவர் இடத்தில் பொறுப்பேற்றவர் என் முகத்தையே பார்த்ததில்லை. அவர் வந்து இறங்கியதும் எல்லாரையும் வண்டியில் ஏற்றச் சொன்னார். நான் பேனரைப் போட்டுவிட்டு டீக்கடைப் பக்கமாக நழுவினேன். பின்னாலிருந்து ஒரு கை என் பனியனைக் கொத்தாகப் பிடித்தது. ஜமால் அண்ணன்.

"அண்ணே, நான்தான்."

"தெரியுது சார்" என்றார் உதடு அசையாமல். "கெஞ்சுவேன்னு நீங்க சொல்லித்தானே வச்சிருந்தீங்க. நல்லாவே கெஞ்சுறீங்க." பிறகு ஊருக்கே கேட்கும்படி, "ஏறுய்யா வண்டியில" என்று தூக்கிப் போட்டார்.

மறியலில் பிடித்தவர்களை ஒரு கல்யாண மண்டபத்தில் வைத்து, எலுமிச்சை சாதம் போட்டு, சாயங்காலம் விட்டுவிடுவது எங்கள் வழக்கம். மண்டபத்து மூலையில் புது இன்ஸ்பெக்டரைத் தனியாகப் பிடித்து அடையாள அட்டையைக் காட்டினேன். அவர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"முப்பத்தேழு பேருன்னு மைக்ல சொல்லியாச்சு. பாண்டிச்சேரி கண்ட்ரோல் ரூம்ல எழுதிட்டாங்க. இப்ப ஒரு ஆள் குறைஞ்சா, கைதி தப்பிச்சதா எனக்கு மெமோ வரும். நீ சாயங்காலம் வரைக்கும் இரு."

வயர்லெஸ் மைக்கில் போன எண்ணிக்கை போனதுதான். என்னை நானே காவல் காத்துக்கொண்டு எலுமிச்சை சாதம் சாப்பிட்டேன்.

மத்தியானம் பஸ் கம்பெனி மேனேஜர் பேச்சுவார்த்தைக்கு வந்தார். "எங்க வண்டி நிக்காமப் போனதே கிடையாது. இடம் இல்லன்னாதான் ஏத்துறதில்ல. இவங்க சொல்றதுக்கு என்ன ஆதாரம்?" என்றார். பெண்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். தேதி, நேரம் என்று எழுதி வைத்திருந்தவர் அவர்களில் ஒருவரும் இல்லை.

என் இடுப்பில் நோட்டு இருந்தது. அந்த மாதம்தான் பதவி உயர்வுப் பட்டியல் தயாராகிக்கொண்டிருந்தது. வாயைத் திறந்தால் பட்டியலில் என் பெயர் இருக்காது. திறக்காவிட்டால் நாளைக்கும் அஞ்சம்மாள் அக்கா தலையில் கூடையோடு நடப்பார். எனக்குப் பயமாகத்தான் இருந்தது. எழுந்து நின்று வாசித்தேன்.

"முந்தாநாள் ஏழு பத்து. பின்சீட் முழுக்கக் காலி. கூடையோட ஒன்பது பேர் கையக் காட்டுனாங்க, வண்டி நிக்கல. கொஞ்சம் தள்ளி, என் கண்ணு முன்னாடியே நிறுத்தி ரெண்டு மூட்டை சிமெண்ட் ஏத்துனாங்க. நேத்து ஏழு பன்னெண்டு..."

மேனேஜர் குறுக்கிட்டார். "நீங்க யாருங்க?"

இன்ஸ்பெக்டர் தன் தொப்பியைத் துடைக்க ஆரம்பித்தார். ஜமால் அண்ணன் மின்விசிறியைப் பார்த்தார்.

"முப்பத்தேழாவது ஆளு" என்றேன்.

கூடைகளுக்குப் பின்பக்கம் இடம் விடுவதாகவும், வண்டி கட்டாயம் நிற்கும் என்றும் மேனேஜர் எழுதிக் கையெழுத்துப் போட்டார். அஞ்சம்மாள் அக்கா அந்தத் தாளை நாலாக மடித்துச் சுருக்குப்பையில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். "நல்லா எழுதுற தம்பி. பேனரத்தான் கோணலாப் புடிக்கிற."

மெமோ வரத்தான் செய்தது. காவல்துறையில் இருந்துகொண்டு மறியல்காரர்களுக்காகப் பேசியது ஏன் என்று கேட்டிருந்தார்கள். பார்த்ததைச் சொன்னேன் என்று ஒரே வரியில் பதில் எழுதினேன். பதவி உயர்வு இரண்டு வருடம் தள்ளிப்போனது. அதற்குப் பிறகு எத்தனையோ திருடர்களைப் பிடித்துப் பாராட்டு வாங்கியிருக்கிறேன். ஆனாலும் என் சர்வீஸிலேயே எனக்குப் பெருமையான நாள் எது என்று கேட்டால், நான் பிடிபட்ட நாளைத்தான் சொல்வேன்.

இப்போது என் மகள் கல்லூரியிலிருந்து அதே பஸ்ஸில்தான் வருகிறாள். வந்ததும் துப்பட்டாவை முகர்ந்து பார்த்துவிட்டுக் கத்துவாள். "மீன்கூடைய எல்லாம் பஸ்ல ஏத்தலாம்னு எவன்தான் சொன்னானோ."

என் மனைவி, வீட்டில் விருந்தாளிகள் இருந்தாலும் கவலைப்படாமல், சாதம் பரிமாறிக்கொண்டே பதில் சொல்வாள். "உங்கப்பாதான்டி. அதுக்காக ஒரு நாள் உள்ள இருந்துட்டு வந்தாரு."

விருந்தாளிகளின் கை அப்படியே இலையில் நின்றுவிடும். நான் உடனே விளக்கம் சொல்லிவிடுவதில்லை. கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு, அவர்களாகக் கேட்கட்டும் என்று காத்திருப்பேன்.