ஏரிக்குள் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபது பேர்

மைசூரில் ஹொன்னிகெரே என்ற ஏரியைப் பொதுமக்களுக்காகத் திறந்துவிட அரசு முடிவு செய்தது. அதுவரைக்கும் அந்த ஏரி திறந்தே கிடந்ததால், முதல் வேலையாக அதைச் சுற்றி வேலி போட வேண்டியதாயிற்று.

வேலி போட்டு முடிக்க எட்டு மாதம் ஆனது. காலனிப் பக்கம் ஒரு வாசல், எதிர்க்கரையில் ஃபாக்டரிப் பக்கம் ஒரு வாசல். இரண்டு வாசலிலும் பச்சைப் பலகை வைத்தார்கள். 'இயற்கை பொதுமக்களின் சொத்து. அத்துமீறி நுழைவோர் தண்டிக்கப்படுவர்.' இது நடந்தது தொண்ணூற்றேழாம் வருஷம், ஜூன் மாதக் கடைசியில்.

காலனியில் குடியிருந்த அஞ்சலை, எதிர்க்கரையில் இருந்த ஊதுபத்தி ஃபாக்டரியில் ஒன்பது வருஷமாகப் பத்தி உருட்டிக்கொண்டிருந்தாள். அதிகம் பேசமாட்டாள், ஆனால் எண்ணுவாள். குச்சிக்கட்டில் கைவிட்டு அள்ளினால் ஐம்பது இருக்கும். நாற்பத்தொன்பது இருந்தால் விரலுக்கே தெரிந்துவிடும். ஏரிக்கரை வழியாக வீட்டிலிருந்து ஃபாக்டரிக்கு எழுநூற்று நாற்பது காலடி. ரிங் ரோடு சுற்றிப் போனால் நாலாயிரத்து முந்நூற்றுப் பத்து. ஃபாக்டரி கேட் எட்டு மணிக்கு மூடும். காலனிக் குழாயில் தண்ணீர் ஏழரைக்குத்தான் வரும், பிடித்து வைத்துவிட்டு அவள் ஏழே முக்காலுக்குக் கிளம்புவாள்.

ஏரி பொதுமக்களுக்குத் திறந்த அன்று காலை, காலனிப் பக்க வாசலில் காவலர் சென்னிமலை அவளை நிறுத்தினார்.

"எங்க போறீங்க அம்மிணி?"

"வேலைக்குண்ணே."

"வேலைக்குப் போறவங்களுக்கு இல்லீங்க. இது பொதுமக்களுக்கு."

"நாங்க யாருண்ணே?"

சென்னிமலைக்கு அது தெரியவில்லை. ஆனால் பக்கத்திலேயே முரளிதரன் நின்றிருந்தார். பாங்க்கில் மேனேஜராக இருந்து ரிட்டயரானவர். ஏரிக்கரை உலாவுவோர் சங்கத்தின் தலைவர். ஏரியைப் பாதுகாக்கச் சொல்லிப் பதினான்கு மனு போட்டவரும் அவர்தான். மண்டி மொஹல்லாவில் வாங்கிய வெள்ளை கான்வாஸ் ஷூ, குரங்குக் குல்லா, கையில் ஒரு பிரம்பு. அந்த வருஷம் மைசூரில் டாக்டரிடம் போன எல்லோருக்கும் நடைதான் மருந்து.

"நோடம்மா," என்றார் முரளிதரன் கன்னடம் கலந்து. "நடக்கறதுக்காக நடந்தா அது வாக்கிங். ஒரு இடத்துக்குப் போறதுக்காக நடந்தா அது டிராஃபிக். இங்க டிராஃபிக் பேடா, வேண்டாம்."

அன்று அஞ்சலையோடு சேர்த்துப் பத்தொன்பது பெண்கள் ரிங் ரோடு சுற்றிப் போனார்கள். ஃபாக்டரி கேட்டில் மேஸ்திரி கௌரம்மா பத்தொன்பது பேருக்கும் லேட் போட்டாள். "மூணு லேட் ஆனா நின்னுக்க வேண்டியதுதான். உங்க இடத்துக்கு வெளியே வரிசை நிக்குது, தெரியுமில்ல?"

அடுத்த வேலை நாளில், "எங்க போறீங்க?" என்று சென்னிமலை கேட்டபோது, அஞ்சலை தரையைப் பார்த்துக்கொண்டு, சும்மா என்பதைக் கன்னடத்தில், "சும்னே" என்றாள். பின்னால் வந்த பாப்பம்மாளும் "சும்னே" என்றாள். பத்தொன்பது சும்னே உள்ளே போனது. ஆனால் ஃபாக்டரிப் பக்க வாசலில் இருந்த காவலர் ஜடையன் கதவைத் திறக்கவில்லை.

"எந்த வாசல்ல வந்தீங்களோ அதே வாசல்லதான் போகோணும். இந்தப் பக்கம் போனா, ஏரியைப் பாதையா உபயோகிச்சதா ஆயிப்போகும்."

திரும்பி வந்து ரிங் ரோடு சுற்றியதில் அன்று ஐயாயிரத்து எழுநூற்றுச் சொச்சம் அடி. இரண்டாவது லேட்.

அன்று மாலை, ஏரிக்குப் பொறுப்பான வனத்துறை ரேஞ்சர் மஞ்சுநாத் ஒரு சுற்றறிக்கை போட்டார். அவர் ஒழுங்கான மனிதர். எந்த விஷயத்தையும் யோசிக்க இடமில்லாமல் செய்துவிட வேண்டும் என்பது அவர் கொள்கை. முந்தின நாள் சங்கத்து ஆள் ஒருவர் வாசற்படியிலேயே கால்மணி நேரம் நின்று பேசியதில், அவர் உள்ளே இருந்தாரா வெளியே இருந்தாரா என்று தகராறு வந்திருந்தது. அது இனிமேல் வரக்கூடாதல்லவா? ஆகவே:

'ஒன்று: வாசலில் ஏரியை நோக்கி முகம் உள்ளவர் வருகை. இரண்டு: ஏரியை நோக்கி முதுகு உள்ளவர் புறப்பாடு. மூன்று: வேறு எதையும் கருத்தில் கொள்ளக் கூடாது. நான்கு: பதிவேட்டில் அடித்தல் திருத்தல் கூடாது.'

ஜூலை முதல் தேதி காலை ஜடையன் தன் வாசலில் இதை வாய்விட்டுப் படித்தார். பத்தொன்பது பெண்களும் உள்பக்கம் நின்று கேட்டார்கள். மணி ஏழு ஐம்பத்தொன்று. இனிச் சுற்றிப் போனால் மூன்றாவது லேட்.

"இன்னொரு வாட்டி படிங்கண்ணே," என்றாள் அஞ்சலை.

படித்தார்.

"இன்னும் ஒரு வாட்டி."

அதையும் படித்தார். அஞ்சலை திரும்பி, ஏரியைப் பார்த்து நின்றாள். அப்படியே பின்னால் எட்டு வைத்து, ஜடையனைக் கடந்து, வெளியே ரோட்டுக்குப் போய்ச் சேர்ந்தாள்.

ஜடையன் அவளைப் பார்த்தார். சுற்றறிக்கையைப் பார்த்தார். முகம் ஏரியை நோக்கித்தான் இருந்தது. வேறு எதையும் கருத்தில் கொள்ளக் கூடாது. பதிவேட்டைத் திறந்து, 'வருகை: ஒன்று' என்று எழுதினார்.

"பாப்பம்மா, வா," என்று வெளியிலிருந்து குரல் வந்தது.

எட்டு அடிக்க ஒரு நிமிஷம் இருக்கும்போது பத்தொன்பது பேரும் ஃபாக்டரிக்குள் இருந்தார்கள். ஒன்பது வருஷமாக அந்தக் கரையில் நடந்தும், அஞ்சலை அன்றைக்குத்தான் ஏரியை நேராகப் பார்த்தாள். தண்ணீருக்கு நடுவில் ஒரு மொட்டை மரமும் அதில் பதினொரு கொக்கும் இருந்தன. வேலைக்குப் போகிறவளுக்கு ஏரி எப்போதும் பக்கவாட்டில்தான் இருந்திருக்கிறது.

அன்று முதல் அதுவே பழக்கமாயிற்று. காலையில் காலனி வாசலில் நேராக நுழைவார்கள். எதிர் வாசலில் பின்னால் நடந்து வெளியேறுவார்கள். மாலையில் அதையே மாற்றிச் செய்வார்கள். நாலு தடவையும் முகம் ஏரியைப் பார்த்தே இருந்தது.

முரளிதரன் இதைக் கவனித்தார். "இது எதுக்கம்மா நல்லது?"

"முட்டிக்கு சார்," என்றாள் பாப்பம்மாள், பின்னால் போய்க்கொண்டே.

அடுத்த திங்கட்கிழமை சங்கமே கரையில் பின்னால் நடந்தது. அதே கரையில் சிரிப்புக் குழுவும் இருந்தது. அவர்கள் வட்டமாக நின்று ஆறரை மணிக்கு, நகைச்சுவை எதுவும் இல்லாமல், ஒரு விசிலுக்குச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பின்னால் நடந்தவர்கள் அவர்கள் மேல் முட்டி இரண்டு பேர் சேற்றில் விழுந்தார்கள். அப்போது ஒருவரும் சிரிக்கவில்லை, விசில் அடிக்கவில்லை. வீட்டுக்குப் போகும்போது மட்டும் சங்கத்தார் நேராக நடந்து வெளியேறினார்கள். காபி ஆறிவிடும். அவர்களுக்கென்று தனிப் பதிவேடு வைத்திருந்தார்கள். வந்ததற்கும் போனதற்கும் கையெழுத்து.

இருபத்திரண்டாம் தேதி பெங்களூரிலிருந்து மேலதிகாரி ஒருவர் ஏரியைப் பார்வையிட வந்தார். மஞ்சுநாத் அவர் பின்னாலேயே உள்ளே போனார். திரும்பும்போது கதவைத் திறக்க முன்னால் ஓடினார். ஆனாலும் மேலதிகாரிக்கு முதுகைக் காட்ட முடியுமா? கையைக் கட்டிக்கொண்டு, அவர் முகத்தைப் பார்த்து விளக்கம் சொல்லியபடியே பின்னால் நடந்து வெளியே வந்தார். அதிகாரிகள் வந்தால் பெயரோடு எழுத வேண்டும். ஜடையன் எழுதினார்.

ஜூலை முப்பத்தொன்று மாலை, ஆறு மணிக்குள் பெங்களூருக்குப் போனில் கணக்குச் சொல்ல வேண்டும். இரண்டு வாசல் பதிவேட்டையும் வைத்து ஜடையன் கூட்டினார்.

"வருகையில புறப்பாடு போக மிச்சம், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபதுங்க."

"மிச்சம்னா?" என்றார் மஞ்சுநாத்.

"உள்ள இருக்கறவங்க சார்."

மஞ்சுநாத் எழுந்து ஜன்னல் வழியாகப் பார்த்தார். ஏரியில் கொக்குதான் இருந்தது.

"எங்கய்யா இருக்காங்க?"

"அது பதிவேட்டுல இல்லீங்க."

"யாரு யாரு? பேராவது இருக்கா?"

"ஒருத்தர் பேருதான் இருக்குதுங்க."

"யாரு அது? முதல்ல அந்த ஆளப் புடி!"

ஜடையன் எழுந்து நின்றார். "நீங்கதானுங்க. இருபத்திரண்டாந்தேதி ரெண்டு தடவை உள்ள வந்தீங்க. இன்னும் வெளிய போவலீங்க."

பதிவேட்டைத் திருத்த வழியில்லை, நாலாவது விதி. பரிசல் விட்டுத் தேடினார்கள். ஒற்றைச் செருப்பு மூன்று, ஒரு எருமை, போன வருஷத்துப் பிள்ளையார் ஒருவர் அகப்பட்டார்கள். ஆள் யாரும் இல்லை. ஆறு அடிக்க நாலு நிமிஷம் இருக்கும்போது மஞ்சுநாத் போனில் உண்மையைச் சொன்னார். அதாவது, பதிவேட்டில் இருந்ததைச் சொன்னார்.

பெங்களூர் மகிழ்ந்தது. வந்தவர் போக மனமில்லாமல் தங்கிவிடும் ஏரி கர்நாடகத்தில் வேறு எது இருக்கிறது? ஆனால் பெங்களூரில் இன்னொரு மேஜையும் இருந்தது. அந்த மேஜையின் கணக்குப்படி ஹொன்னிகெரே ஒரே சமயத்தில் ஐந்நூறு பேரைத்தான் தாங்கும். இரவோடு இரவாக உத்தரவு வந்தது. 'உள்ளே இருப்போர் ஐந்நூறுக்குக் கீழ் குறையும்வரை புறப்பாடு மட்டும். வருகை கிடையாது.'

ஆகஸ்ட் முதல் தேதி காலை ஏழே முக்கால். காலனி வாசலில் கூட்டம். முன்னால் வெள்ளை ஷூக்கள், பின்னால் பத்தொன்பது பெண்கள். எல்லோருக்கும் இரண்டு லேட் ஆகிவிட்டது. சுற்றிப் போனால் மூன்று.

"போச்சு," என்றாள் பாப்பம்மாள். "இனிமே வீட்டு வேலைக்குத்தான் போவணும்."

முன்னால் போய்ப் பேசுவதென்றால் அஞ்சலைக்கு நாக்கு எழாது. ஆனாலும் போனாள். "சென்னிமலை அண்ணே, உள்ள இருக்கறவங்க வெளிய போவலாந்தானே?"

"போலாமுங்க. அதுக்குத்தானே வாசல் திறந்திருக்குது."

"ஏரிப்பக்கம் முதுகு இருந்தா புறப்பாடுதானே?"

"சட்டம் அப்படித்தானுங்க."

அஞ்சலை ஏரிக்கு முதுகைத் திருப்பி, பின்னால் நடந்து உள்ளே போனாள். சென்னிமலை 'புறப்பாடு: ஒன்று' என்று எழுதினார். பத்தொன்பது பேரும் அதேபோல வெளியேறி ஏரிக்குள் போனார்கள்.

முரளிதரனும் முதுகைத் திருப்பினார். சென்னிமலை தடியை நீட்டினார்.

"உங்களுக்கு முடியாதுங்க சார்."

"ஏன்யா? நானுந்தான் முதுகைக் காட்டறேன்!"

"சங்கத்துப் பதிவேட்டுல உங்க கணக்கு தீர்ந்துபோச்சுங்க. வந்ததுக்கெல்லாம் போயிட்டீங்க. நீங்க உள்ளயே இல்லியே சார், எப்படி வெளிய போவீங்க?"

"இந்த வேலிக்குப் பதினாலு மனு போட்டவன் நான்!"

"அந்த மனுவாலதானுங்க சார் இத்தனையும்."

இருபது வேலை நாள், ஏரியில் கால் வைத்த பொதுமக்கள் ஊதுபத்திப் பெண்கள் மட்டுமே. காலனி வாசலில் அவர்கள் வந்த கணக்கில்தான் அங்கே போன கணக்கு கழிந்தது. எதிர் வாசலிலும் அப்படியே. வந்த வாசலிலேயே போக வேண்டும் என்ற விதியும் மீறப்படவில்லை. சங்கத்தார் வேலிக்கு வெளியே ரிங் ரோட்டில் லாரிப் புகைக்குள் நடந்தார்கள். இருபதாம் நாள் மாலை மிச்சம் நானூற்று ஐம்பது. மறுநாள் எல்லோருக்கும் வாசல் திறந்தது.

அதோடு ஒரு உத்தரவும் வந்தது, மூன்றாவது மேஜையிலிருந்து. 'இம்மாதம் ஆயிரத்து ஐந்நூற்றிருபது பேர் வெளியேறியுள்ளனர். பொதுமக்களுக்கு ஆர்வம் குறைவதாகத் தெரிகிறது. உள்ளே ஒருவரும் இல்லை என்ற நிலை வந்தால், ஏரி தனியார் படகுக் குழாமுக்குக் குத்தகை விடப்படும். ரேஞ்சருக்கு மாதேஸ்வரன் மலைக் காட்டுக்கு மாற்றல்.'

அந்த நாளில், சந்தனக் கடத்தல் கும்பல் இருந்த அந்தக் காட்டுக்கு மாற்றல் என்றால் வீட்டில் ஒப்பாரி வைப்பார்கள். மஞ்சுநாத் மறுநாள் காலை அஞ்சலையை வாசலில் நிறுத்தினார்.

"உள்ள இருக்கறது யாரோட கணக்கும்மா? உனக்குத் தெரியும்கறாங்க."

அஞ்சலை அவர் செருப்பைப் பார்த்துச் சொன்னாள். "ஜூலையில இருபத்தாறு நாள் வேலை சார். பத்தொன்பது பேரு, நாளுக்கு நாலு. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தாறு. பாப்பம்மா காய்ச்சல்ல ரெண்டு நாள் வரல, எட்டு போச்சு. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தெட்டு எங்களுது. மேல இருக்கற ரெண்டு உங்களுது சார்."

"என்னோட ரெண்டை நான் இன்னிக்கே எடுத்துடட்டுமா? பின்னால போயிட்டு முன்னால வந்தா ஆய்த்து."

"எடுக்காதீங்க சார்." அவள் முதல் தடவையாக நிமிர்ந்தாள். "நாங்க ஏத்தி இறக்கி ஐந்நூறுக்குள்ள வெச்சுக்கறோம். என்னைக்காவது எண்ணிக்கை தப்பினாலும், நீங்க உள்ள இருந்தா ஏரி காலியாவாது."

மஞ்சுநாத் யோசித்தார். யோசிக்க இடமில்லாமல்தான் எல்லாம் செய்யப்பட்டிருந்தது.

அதன் பிறகு ஏரி நன்றாகவே பாதுகாக்கப்பட்டு வந்தது. காலையில் முரளிதரன் ஷூவோடு அஞ்சலைக்காகக் காத்திருந்து, "இன்னிக்கு எப்படிம்மா?" என்று கேட்பார். "முன்னால சார்," அல்லது "பின்னால சார்," என்பாள். அன்றைக்கு மைசூர்ப் பெரியமனிதர்கள் அப்படியே நடப்பார்கள். வருஷக் கடைசியில் ஹொன்னிகெரேவுக்குச் சிறந்த பொதுப் பயன்பாட்டு விருது கிடைத்தது. அதை வாங்க ரேஞ்சர் பெங்களூருக்குப் போக முடியவில்லை. பதிவேட்டின்படி அவர் ஏரியை விட்டு வெளியே வரவில்லை. தபாலில் அனுப்பினார்கள், அந்தத் தபாலை ஏரிக்கு மாற்றி அனுப்பினார்கள்.

தினமும் மாலை ஆறு மணிக்குப் பூட்டுவதற்கு முன், உள்ளே இருப்பவர்களுக்குக் குரல் கொடுக்க வேண்டும் என்பது விதி. ஜடையன் தண்ணீரைப் பார்த்து, கையைக் குவித்துக் கூப்பிடுவார்.

"ரேஞ்சர் சார், உள்ள இருக்கீங்களா?"

"இருக்கேன், பூட்டு," என்பார் மஞ்சுநாத், வெளியே ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டே.