ஆட்சேபணை வாத்தியார் பாயில் உட்கார வைத்த இன்ஸ்பெக்டர்

புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் மகாராஜாவின் உத்தரவைத் தவிர மற்ற எல்லாவற்றையும் ஆட்சேபித்த மனிதர் ஒருவர்தான் உண்டு. மகாராஜாவின் உத்தரவையும் கதவைச் சாத்திக்கொண்டு ஆட்சேபித்ததாக அவர் சம்சாரம் சொல்வார். 'ஆட்சேபணை வாத்தியார்' என்றால்தான் அவரை ஊருக்குத் தெரியும்.

எங்கள் ஆசிரியர் சங்கத்துக்கு அவர்தான் காரியதரிசி. நன்றியுரை சொல்ல யாராவது எழுந்தால், "நன்றி சொல்ற அளவுக்கு இங்க என்ன நடந்துச்சு?" என்று கேட்டு உட்கார வைத்துவிடுவார். ஒருமுறை தாம் கொண்டுவந்த தீர்மானத்தையே ஆட்சேபித்துத் தோற்கடித்தார். ஜெயித்த சந்தோஷத்தில் எல்லோருக்கும் காப்பி வேறு வாங்கிக்கொடுத்தார்.

அப்போது நான் கறம்பக்குடிப் பக்கம் ஓராசிரியர் பள்ளி ஒன்றில் வாத்தியார். பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் பார்வையிட வந்த அன்று நாலே பிள்ளைகள் இருந்தார்கள். அதில் ஒருத்தன் தூக்கம். "அடுத்த தடவையும் இப்படின்னா பள்ளிக்கூடத்தை மூடிட வேண்டியதுதான்" என்று சொல்லிவிட்டுப் போனார். மூடினால் எனக்கு வேலை போகும். ஊர்ப் பிள்ளைகளுக்குப் படிப்பே போகும். நேரே போய்ச் சங்கத்தில் சொன்னேன்.

சங்கம் கொதித்தது. 'இன்ஸ்பெக்டர் ஒழிக' என்று தீர்மானம் போடப் போனோம். ஆட்சேபணை எழுந்தார்.

"ஒழிச்சுப்புட்டு? அடுத்து வர்றவரு மட்டும் நமக்கு மாமனா மச்சானா? நான் இவரையே இங்கிட்டுக் கூட்டியாரேன்."

மறுவாரமே வில்வண்டியில் ஏற்றிக் கூட்டி வந்துவிட்டார். நாங்கள் பயபக்தியோடு நாற்காலி போட்டோம்.

"நாற்காலிய ஆட்சேபிக்கிறேன். அதுல உக்காந்தா ஐயா உத்தரவுதான் போடுவாங்க. பாயில உக்காந்தாத்தான் பேசுவாங்க."

இன்ஸ்பெக்டர் போட்டிருந்ததோ இறுக்கமான கால்சட்டை. இரண்டு பேர் தோளைத் தாங்க, மெல்ல மெல்ல இறங்கினார். எங்கோ தையல் விட்ட சத்தம் கேட்டது. அதன்பிறகு எழுந்திருக்க வழியில்லாமல் கூட்டம் முடியும்வரை இருந்து பேசினார்.

"பிள்ளைங்க ஏன் வர்றதில்ல?" என்று கேட்டார்.

"கடலை பறிக்கிற காலமுங்க" என்றார் ஆட்சேபணை. "எல்லாம் கொல்லைக்காட்டுல கெடந்து செடியிலேர்ந்து கடலை ஆயுதுங்க. அதுக சும்மா இருக்கயில நாம லீவு விட்டுர்றோம்."

"லீவு மேலிடத்து உத்தரவாச்சே?"

"மேலிடத்துல கடலை வெளையுதுங்களா?"

இன்ஸ்பெக்டர் சிரித்த சிரிப்பில் மிச்சத் தையலும் போயிருக்கும். அன்றே பேசி முடிந்தது. லீவைக் கடலைப் பறிப்புக்கு மாற்றி வாங்குவது இன்ஸ்பெக்டர் பொறுப்பு. வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளைச் சேர்ப்பது சங்கத்தின் பொறுப்பு.

அவர் சொன்னபடி லீவை மாற்றி வாங்கினார். ஆட்சேபணையும் என் ஊரில் ஒரு வீடு விடவில்லை. "ஆளு கொறஞ்சா பள்ளிக்கூடம் போச்சு, பாத்துக்கங்க!" என்று எல்லோரையும் கலக்கிவிட்டார்.

பறிப்பு முடிந்து பள்ளி திறந்த அன்று இன்ஸ்பெக்டர் வந்தார். ஒன்றாம் வகுப்பு முழுக்க மீசை! பிள்ளைகளுக்குப் பின்னால் தகப்பன்மார்கள் சம்மணம் போட்டு, மடியில் சிலேட்டோடு உட்கார்ந்திருந்தார்கள்.

"நீங்க எதுக்குய்யா வந்தீங்க?"

"கொல்லையில ஆளு பத்தலைன்னா ஒருத்தருக்கொருத்தர் எறங்கிக் குடுக்கிறதில்லைங்களா? அப்பிடித்தாங்க, இங்கயும் ஆளு கொறஞ்சிரக் கூடாதுன்னு வந்து உக்காந்தோம். பள்ளிக்கூடம் வேணுமுங்க."

இன்ஸ்பெக்டர் மீசைகளைக் கழித்துவிட்டு எண்ணினார். அப்படியும் உள்ளே இடம் கொள்ளாத பிள்ளைகள். "இதை இனி யாரால மூட முடியும்?" என்றார்.

ஆட்சேபணை எங்களுக்கு முதுகைக் காட்டி நின்று, சுத்தமாக இருந்த கரும்பலகையைத் துண்டால் துடைத்துக்கொண்டே இருந்தார். தோள் குலுங்கியது. இன்ஸ்பெக்டர் பார்க்கிறார் என்பதையும் மறந்து, ஓடிப்போய் அந்த மனுஷனைக் கட்டிக்கொண்டேன்.