'தொடாதீங்க' அண்ணன்

கறம்பக்குடி வட்டாரத்தில் இன்டர்நெட் ஓடுவது கம்பியால் அல்ல, 'தொடாதீங்க' அண்ணனால்தான் என்று நான் சத்தியமே செய்வேன். அவருடைய சொந்தப் பெயர் ஒருவருக்கும் தெரியாது. வைஃபை நின்றுவிட்டது என்று போன் செய்தால் அவர் 'ஹலோ' சொல்வதில்லை. "தொடாதீங்க! வாரேன்" என்பார். அதுவே பெயராகிவிட்டது.

ஒரு நெல் வியாபாரி வீட்டில் கேமரா இணைப்பு அடிக்கடி அறுந்துபோனது. நாலு பேர் வந்து பார்த்துவிட்டு, கேமராவையே மாற்றச் சொன்னார்கள். அண்ணன் போய் ரவுட்டர் எங்கே என்று மட்டும் கேட்டார். வயர் நுழைய ஒரு ஓட்டை போட்டு, ரவுட்டரை இரும்பு பீரோவுக்குள் வைத்துப் பூட்டியிருந்தார்கள். "திருடன் உள்ள போக முடியாது, சரி. சிக்னல் வெளிய வரணுமா இல்லையா?" என்றாராம்.

என் அம்மா ஊரில் தனியாக இருக்கிறார். ஒருமுறை வழுக்கி விழுந்து கை முறிந்த பிறகு, சென்னையிலிருந்து நான் பார்த்துக்கொள்ள இரண்டு கேமரா மாட்டினேன். வாசலில் ஒன்று, கூடத்தில் ஒன்று. பழைய ரவுட்டர் பழுதாகிப் புதிது வைத்த அன்று இரண்டும் இருண்டன. அம்மாவும் போனை எடுக்கவில்லை. பதறியடித்து பஸ் ஏறி வந்தால், அவர் போனை சார்ஜில் போட்டுவிட்டு நிம்மதியாக வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

நானே சரிசெய்கிறேன் என்று, கூடத்துக் கேமராவின் ரீசெட் ஓட்டையில் ஊக்கை விட்டுக் குத்தினேன். ஒன்றும் நடக்கவில்லை. அண்ணனைக் கூப்பிட்டேன்.

வந்தவர் கேமராவைக் கையில் எடுத்ததுமே முகம் சுருங்கியது. "யாரு குத்துனது?"

அம்மா அரிவாள்மணையை விட்டு எழாமலே என் பக்கம் கையைக் காட்டினார்.

அண்ணன் என்னை ஒதுக்கிவிட்டு அம்மாவின் எதிரில் உட்கார்ந்தார். "மொதல்லேர்ந்து சொல்லுங்க ஆத்தா." அம்மா பழைய ரவுட்டருக்குள் பல்லி செத்ததிலிருந்து ஆரம்பித்தார். இருபது நிமிடம் அண்ணன் குறுக்கிடாமல் கேட்டார். "புதுப் பொட்டிக்கு என்னமோ வாயில நொழயாத பேரு வச்சுட்டுப் போனாக" என்று அம்மா சொன்னதும் எழுந்தார்.

"அண்ணே, கேமராவுக்குத் தெரிஞ்சது பழைய வைஃபை பேருதான். பாவம், அதையே தேடிக்கிட்டுக் கெடக்கு" என்று என்னிடம் சொன்னார்.

புது ரவுட்டருக்குப் பழைய பேரையும் பழைய பாஸ்வேர்டையும் எழுத்து மாறாமல் வைத்தார். ஏணி போடவில்லை, திருப்புளியை எடுக்கவில்லை. இரண்டு நிமிடத்தில் என் போனில் வாசல் தெரிந்தது. ஓர் ஆடு அசைபோட்டபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. நான் கைதட்டிவிட்டேன்.

கூடத்துக் கேமரா மட்டும் வரவில்லை. "நீங்க குத்துனதுல அதுக்கு எல்லாம் மறந்துபோச்சு. புதுசாத்தான் சேக்கணும். ரவுட்டர் ரெண்டு வகையா சிக்னல் விடுது, இதுக்கு வேகம் கொறஞ்சதுதான் ஒத்துக்கிரும்" என்று இரண்டையும் தனித்தனியாகப் பிரித்தார். அதுவும் கண் விழித்தது.

சுவரில் மாட்டும் முன் திரும்பிக் கேட்டார். "ஆத்தா, எங்கிட்டு மாட்டணும்?"

அந்தக் கேள்வியை நான் அம்மாவிடம் கேட்டதே இல்லை.

"கூடத்துல வேணாம்ப்பா. கால நீட்டி உக்காந்தாக்கூட 'ஏம்மா, கால் வலியா'ன்னு போன் பண்றான்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அண்ணன் தன் போனைப் பிடித்தபடி கூடத்தை ஒரு சுற்றுச் சுற்றி, வருத்தத்தோடு உதட்டைப் பிதுக்கினார். "கூடத்துல சிக்னல் சுத்தமா இல்லண்ணே. கொல்லப்பக்கந்தான் நல்லாருக்கு."

அதே கூடத்தில் என் போனில் சிக்னல் கோடுகள் முழுசாகத் தெரிந்தன. போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு, "சரிண்ணே, அங்கிட்டே மாட்டுங்க" என்றேன்.

போன வாரம் சென்னையிலிருந்து பார்த்தபோது, கொல்லையில் அண்ணன் நின்றிருந்தார். பதறிப்போய்க் கூப்பிட்டேன். "என்னண்ணே, கேமரா போச்சா?"

"அதெல்லாம் நல்லாருக்கு. ஆத்தாவுக்கு முருங்கக்கா பறிக்க வந்தேன். வைங்க, கையில தொரட்டி இருக்கு."

வைத்துவிட்டேன். அவர் பறித்துப் போட, அம்மா ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். திரையை மூடத்தான் எனக்கு மனம் வரவில்லை.